ஒருத்தர் சொன்னார், ஊரே இறங்குச்சு: டெல்டாக்காரங்க பார்த்ததை எழுதுங்க

கடைமடைவாசி, தலைஞாயிறு பக்கம்

ரொம்ப நாளா மனசுல கிடக்குறதை எழுதிடுறேன். 2023 சம்பா. என்ன பாடு பட்டோம்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. மேட்டூரை ஜூன் 12-ல திறந்தாங்க, அக்டோபர் 10-லயே மூடிட்டாங்க. நடுவுல முறை வச்சுத் தண்ணி. எங்க பக்கம் நேரடி விதைப்பு முளைச்சு, வயல் வெடிப்பு விட்டுக் கிடக்கு.

எங்க வாய்க்கால் மேல்பாதி, கீழ்பாதின்னு பிரியுற எடத்துல ஒரு மதகு. மேல நாலு நாள், கீழ மூணு நாள்னு பேசியாச்சு. ஆனா ராத்திரியில யாராவது வந்து ஷட்டரை இறக்கிட்டுப் போயிடுவான். விடிஞ்சா சண்டை. கீழ்பாதியில ஒரு அண்ணன் இருக்காரு, வாயைத் திறந்தா கெட்ட வார்த்தைதான். அந்த வாரம் பூரா மண்வெட்டியும் கையுமா திரிஞ்சாரு. வெட்டுக்குத்து ஆயிடும்னு எல்லாருக்கும் பயம்.

பாசனச் சங்கத்துக்கு அப்ப தலைவரா இருந்தது ஒரு அக்கா. குத்தகைச் சாகுபடி, வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. பிடாரி கோயில் வாசல்ல கூட்டம். போலீசுக்குப் போகணும்னு ஒருத்தர், பொதுப்பணித்துறைக்கு மனு கொடுக்கணும்னு இன்னொருத்தர். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் வீட்டுக்குப் போயி, ஷட்டர் திருப்புற இரும்புக் கைப்பிடியை எடுத்துட்டு வந்து, நேரா அந்த அண்ணன்கிட்ட நீட்டினாங்க. "இனிமே திறக்குறதும் மூடுறதும் நீங்கதாண்ணே. மேல்பாதி முறைக்கும் நீங்கதான் திறந்து விடணும்."

அவரு கைய நீட்டவே இல்ல. "என்னைய வம்புல மாட்டி விடுறியா?"ன்னாரு. அக்கா நீட்டுன கையை மடக்கல. கூட்டத்துல ஒருத்தரும் மூச்சு விடல. கடைசியில மேல்பாதிப் பெரியவர் ஒருத்தரே, "வாங்கிக்கடா, நீ வச்சிருந்தா எனக்கும் நிம்மதி"ன்னாரு. அப்பதான் வாங்குனாரு.

மறுநாள் மதகுச் சுவத்துல சிவப்புப் பெயிண்டால கோடு போட்டிருந்தாரு. தண்ணி மட்டம் எங்க நிக்குதுன்னு போறவன் வர்றவன் எல்லாம் பார்க்கணுமாம். மேல்பாதி முறை அன்னிக்கு அஞ்சு நிமிஷம் தப்பாம திறந்தாரு. அணையை மூடினதும் எங்களுக்கு வெளைச்சல் பாதியாச்சு, அது வேற கதை. ஆனா மதகுல அதுக்கப்புறம் ஒரு சண்டை இல்ல.

ஊர்லயே பெரிய வாய்க்காரன்தான் ஊர்லயே நேர்மையா காவல் காப்பான்னு அந்த அக்கா எதை வச்சுக் கண்டுபிடிச்சாங்க? அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா சொல்லுங்க.

பேராவூரணி தென்னை

அண்ணே, கஜா புயல் நேரத்துல நான் பார்த்ததும் இதே ஜாதி. 2018 நவம்பர் 16 விடியக்காலம். தென்னை போனதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், அதை விடுங்க. கரண்டு இல்ல, போர்ல தண்ணி எடுக்க வழியில்ல, கைக்குழந்தை வச்சிருக்க வீடெல்லாம் அல்லாடுது. பசங்க ரோட்டுல மரத்தைப் போட்டு மறியல். நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்ப வெளி மாவட்டத்துலேர்ந்து மின்வாரிய லாரி ஒண்ணு வந்து நின்னுச்சு. பசங்க சுத்தி வளைச்சுட்டாங்க. போர்மேன், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, தலையில துண்டு. எறங்கி வந்து சமாதானமும் சொல்லல, அதட்டவும் இல்ல. "ஏனுங்க தம்பி, இந்த வயக்காடு எங்களுக்குப் புதுசுங்க. லாரி எங்க எறக்குனா பொதையாது, கம்பத்தை எந்த வரப்புல தூக்கிட்டுப் போறது, நீங்கதான் காட்டோணும்"னாரு. ஒரு குச்சியை எடுத்து, சத்தம் போட்டுக்கிட்டிருந்த பையன் கையில கொடுத்து, சேத்துல ஊரை வரையச் சொன்னாரு. அவன் வரைஞ்சான். தெரு, குளம், ரெண்டு டிரான்ஸ்பார்மர், தண்ணித் தொட்டி.

"இன்னிக்கு ஒரு லைனுதான் முடியுமுங்க. எதை மொதல்லன்னு நீங்களே சொல்லிப் போடுங்க."

மறியல்ல மொத ஆளா நின்ன பய, அஞ்சாறு நிமிஷம் அந்தப் படத்தையே பார்த்துட்டு, "தொட்டி மோட்டாருக்குக் கொடுங்க சார். எங்க தெரு கடைசியா இருக்கட்டும்"னான். அவன் வாயிலேர்ந்து அது வந்ததைக் கேட்டேன் பாருங்க, இன்னும் அப்படியே இருக்கு. அப்புறம் என்ன, வடக்கயிறு கட்டி, கம்பத்தைத் தோள்ல ஏத்தி, தொடை ஆழச் சேத்துல ஊரே இறங்குச்சு. வேற சாதித் தெரு ஆளும் நாங்களும் ஒரே கம்பத்துக்குத் தோள் கொடுத்தது எனக்குத் தெரிஞ்சு அதுதான் மொத தடவை.

குடவாசல்காரி

ரெண்டு பேர் எழுதினதும் மனசுக்கு நிறைவா இருக்கு. ஆனா ஒரு விஷயத்துல எனக்கு ஒப்பல. கைப்பிடியைக் கொடுத்தாங்க, குச்சியைக் கொடுத்தாங்க, சரி. பொறுப்பை மட்டும் கையில கொடுத்துட்டு அதிகாரத்தை வேற ஒருத்தர் வச்சிக்கிட்டா என்ன ஆகும்னு பொம்பளைங்களைக் கேளுங்க. மகளிர் குழுவுல நோட்டு எழுதறது ஒருத்தி, பேங்க் வாசல்ல காத்துக் கிடக்குறது ஒருத்தி, கடன் யாருக்குன்னு முடிவு பண்றது மட்டும் வேற எங்கேயோ. இதுக்குப் பேரு அதிகாரம் கொடுக்குறதா?

நான் பார்த்ததைச் சொல்றேன். உள்ளாட்சியில பெண்களுக்குப் பாதி இடம்னு வந்து, 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்துச்சில்ல, அதுல எங்க ஊராட்சிக்குத் தலைவரா வந்தது ஒரு பொண்ணு. காலனித் தெரு. 2020 ஜனவரி 26 கிராம சபை. தலைவர் நாற்காலியில அது உட்கார்ந்திருக்கு, வீட்டுக்காரர் பக்கத்துல நின்னுக்கிட்டு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்றாரு. செயலரும் அவரைப் பார்த்துத்தான் பேசுறாரு. நூறு நாள் வேலைக்குப் போற ஆயா ஒருத்தவங்க எந்திரிச்சாங்க. வேலை அட்டையைப் பாலிதீன் பையில சுத்தி இடுப்புல சொருகி வச்சிருந்ததை எடுத்து விரிச்சு, கூலி வரலன்னாங்க. வீட்டுக்காரர் ஆரம்பிச்சாரு. ஆயா கையைக் காட்டி நிறுத்துனாங்க.

"தம்பி, செத்த சும்மா இரு. நான் தலைவரைக் கேட்டேன்."

அந்தப் பொண்ணு முகத்தை அப்ப நீங்க பார்த்திருக்கணும். நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு எந்திரிச்சு நின்னுச்சு. குரல் வரவே இல்ல மொதல்ல. "ஆயா, எனக்குக் கணக்கு இன்னும் தெரியாது. புதன்கிழமை பிடிஓ ஆபீசுக்குப் போறேன். நீங்களும் கூட வாங்க." அவ்வளவுதான் சொன்னுச்சு. அன்னிக்கு அந்தப் பொண்ணைத் தலைவராக்குனது தேர்தல் இல்ல, அந்த ஆயாதான்.

உரிமை பேப்பர்ல இருக்கணும், அதைக் கேக்குறதுக்கு ஆளும் இருக்கணும். கூலி விவசாயக் குடும்பங்களை உயிரோட எரிச்ச வெண்மணிக் கொடுமை நடந்த இதே மண்ணுலதான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் அவங்க கணவரும் 1981-ல லாப்டிங்கற அமைப்பை ஆரம்பிச்சு, கூலி வேலை பார்த்த குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தாங்க. பொம்பளைங்க பேருல பத்திரம். புருஷன் குடிச்சிட்டு விக்க முடியாது. ஊக்கம் கொடுக்கிற பேச்சு எவ்வளவு வேணா பேசலாம், பத்திரத்துல பேரு இருக்குற பொம்பளை நிக்கிற நிமிர்வு தனி.

மன்னை ஓய்வூதியர்

அனைவரின் பதிவுகளையும் படித்தேன். கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்கு ஒருமுறை போயிருந்தேன். இரண்டு கிலோ விதைநெல் தருவார்கள், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். என் முன்னால் நின்ற இளைஞனுக்கு மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் கிடைத்தது. நோட்டில் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இரண்டு கிலோ நெல்லுக்குக் கையெழுத்தா என்று அவன் தயங்கியதும், போட்ட பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனதும் நினைவிருக்கிறது. இலவசமாகக் கொடுத்திருந்தால் பலபேர் வீட்டில் அது பொங்கிச் சாப்பிட்டு முடிந்திருக்கும். 174 பாரம்பரிய ரகங்களை அவர் மீட்டது இப்படித்தான். 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் விதை கைமாறிக்கொண்டே இருக்கிறது.

பொதுவேலையில் இருக்கும் தம்பிமார்களுக்குச் சில வார்த்தை. நடவு, களையெடுப்பு நாட்களில் பகலில் கூட்டம் போடாதீர்கள். விளக்கு வைத்த பிறகு போடுங்கள், பெண்களுக்கு அதுவும் தோதுப்படாவிட்டால் அவர்களையே நேரம் கேளுங்கள். எங்கே கூடுகிறோம் என்பதும் முக்கியம். எல்லாத் தெருக்காரர்களும் கூசாமல் வந்து உட்காரக்கூடிய இடமாக, பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ பாருங்கள். நாற்காலி எல்லாருக்கும் இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். பேச்சை நிலம் குறைந்தவரிடமிருந்து தொடங்குங்கள். ஐந்து வேலி நிலக்காரர் முதலில் வாய் திறந்துவிட்டால் ஐந்து மா நிலக்காரர் (ஒரு வேலிக்கு இருபது மா) அன்றைக்குப் பேசவே மாட்டார். "யார் வருகிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் தலை குனிந்துகொள்வார்கள். "கடப்பாரை உங்களிடம் இருக்கிறதே, காலையில் கொண்டு வருகிறீர்களா?" என்று ஆளைப் பார்த்துக் கேளுங்கள், வருவார். வரவு செலவை உரக்கப் படியுங்கள், டீச்செலவு உட்பட. பாராட்டு சபையில் இருக்கட்டும், கண்டிப்பது தனியாக இருக்கட்டும். பொறுப்பில் ஏறிய அன்றே அடுத்து வரப்போகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நோட்டைக் காட்டுங்கள்.

இந்த மாவட்டத்தில் பண்ணையாட்களைத் திரட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். 1940களில் இங்கே வந்து சேரிகளில் தங்கி, அந்த மக்களோடு உண்டு, அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டுதான் சங்கம் கட்டினார். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. நாம் உள்ளூர்க்காரர்களாகவே இருந்தும் பக்கத்துத் தெருவுக்குள் போகத் தயங்குகிறோம். இன்னொன்று, நடவுப் பெண்கள் புதிய முறைகளை எளிதில் ஏற்க மாட்டார்கள். அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

வலங்கைமான் வயல்

ஐயா, மத்ததெல்லாம் பொன்னு மாதிரி சொன்னீங்க. கடைசி வரியை மட்டும் நான் மறுக்கிறேன். வேளாண் துறையில இருக்கேன். ஒற்றை நாற்று நடவு பரப்புறதுக்காக ஊர் ஊரா போன காலம். 14 நாள் நாத்து, ஏக்கருக்கு மூணு கிலோ விதை போதும், கோனோவீடர்ங்கற களைக்கருவியை ஓட்டினா களையும் மடங்கும், வேரும் பிடிக்கும்னு படம் போட்ட தட்டியோட போவோம். ஒரு ஊர்ல நடவு ஆளுங்க முடியாதுன்னு வயலை விட்டுக் கரையேறிட்டாங்க. எங்க மேலதிகாரி, "இவங்களுக்குப் புரியல, இன்னொரு தடவை விளக்குங்க"ன்னாரு.

அந்தச் செட்டைக் கூட்டிட்டு வர்ற அக்கா புடவைத் தலைப்புல சேத்தைத் துடைச்சிக்கிட்டே என்கிட்ட வந்தாங்க. "ஒரு மா நிலத்துக்கு இவ்வளவுன்னு பேசித்தாம்மா நடுறோம். கயிறு புடிச்சு ஒத்தை ஒத்தையா வச்சா பொழுது சாயுறதுக்குள்ள பாதி மாதான் ஆவும். இத்தினி பேரு கூலியில பாதி போவுதே, அதை யாரு தருவா, நீ தர்றியா?" எங்க தட்டியில அந்தக் கணக்கு எங்கேயும் இல்ல.

நிலத்துக்காரரை அழைச்சுப் பேசினோம். மொத வயலுக்கு மா கணக்கு வேண்டாம், நாள்கூலி. கயிறு பிடிக்கத் தனியா ரெண்டு ஆள். ஒத்துக்கிட்டாரு. அக்கா மறுபடி வயல்ல இறங்கினாங்க. எங்க கயித்துல போட்டிருந்த முடிச்சு சேத்துல தெரியலன்னு, பழைய சிவப்புப் புடவையைக் கிழிச்சுத் துண்டு துண்டா கட்டினதும் அவங்கதான். நிமிராமலே கண்ணுல படுது. அப்புறம் நான் போன ஊருக்கெல்லாம் அந்தக் கயித்தைத்தான் எடுத்துட்டுப் போனேன். ஜனங்க ஒண்ணை வேண்டாம்னு சொன்னா அதுக்கு ஒரு கணக்கு இருக்கும் ஐயா. முதல்ல அதைக் கேட்டுட்டுப் பேசணும்.

கடைமடைவாசி

குடவாசல் அக்கா சொன்னதுக்கு ஒண்ணு சேர்க்கணும். நான் எழுத விட்டுட்டேன். எங்க தலைவரக்கா கைப்பிடியை மட்டும் கொடுக்கல. அன்னிக்கே சங்கத் தீர்மான நோட்டுல, மதகு இன்னார் பொறுப்பு, முறையை மாத்தணும்னா கூட்டம்தான் மாத்தணும், தலைவரே சொன்னாலும் அவர் திறக்க வேண்டியதில்லன்னு எழுதி, மேல்பாதி கீழ்பாதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினாங்க. அப்புறம் ஒரு தடவை அக்காவோட சொந்தக் கொழுந்தனே முறை தப்பித் தண்ணி கேட்டு நின்னப்ப, அந்த அண்ணன் நோட்டைக் காட்டித் திருப்பி அனுப்பிட்டாரு. அக்கா ஒரு வார்த்தை பேசல.

பேராவூரணி தென்னை

மன்னை ஐயா, பொதுவா கேட்டா தலை குனிவாங்கன்னு சொன்னீங்களே, சத்தியமான வார்த்தை. குடவாசல் அக்கா, அந்த ஆயா புதன்கிழமை போனாங்களா? கூலி வந்துச்சா? அதைச் சொல்லாம விட்டுட்டீங்க.

குடவாசல்காரி

தலைஞாயிறு அண்ணே, தீர்மான நோட்டுல எழுதினதைப் படிச்சதும் என் வாதத்தை வாபஸ் வாங்குறேன். அந்த அக்கா முழுசா செஞ்சிருக்காங்க.

போனாங்க தம்பி. ஆயா மட்டும் இல்ல, அட்டை வச்சிருந்த தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் மினி பஸ் ஏறிட்டாங்க. நானும் போனேன். அங்க பார்த்தா சிலருக்கு வருகைப் பதிவுல பேரு விட்டுப்போயிருக்கு, சிலருக்கு பேங்க் கணக்கு எண் தப்பா ஏறியிருக்கு. தலைவர் பொண்ணு ஒவ்வொருத்தர் அட்டையையும் வாங்கி வாங்கிப் படிச்சு, ஆபீஸ்ல இருந்தவங்களைத் திருத்த வச்சுச்சு. சாப்பிடக்கூட எந்திரிக்கல. காசு தாமதமாத்தான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. அடுத்த கூட்டத்துலேர்ந்து வீட்டுக்காரர் ஜனங்களோட ஜனமா கீழ உட்கார்ந்தாரு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பின்னால அந்தப் பொண்ணுக்கு பைக் ஓட்டவும் அவருதான் சொல்லிக் கொடுத்தாரு.

2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்துட்டாரு. முதியோர் பென்ஷன் மனு எழுதணும்னாலும், தெருவிளக்கு எரியலன்னாலும் எங்க ஜனங்க இன்னமும் அந்தப் பொண்ணு வீட்டுக்குத்தான் போறாங்க. ஆயாவோட பேத்தி பிளஸ் டூ முடிச்சிருக்கு, மனு எழுத அதையும் கூட உட்கார வச்சுப் பழக்கிட்டிருக்கு. அடுத்த தேர்தல்ல இடஒதுக்கீடு எப்படி மாறினாலும் நிக்கிறேன்னு தலைவரா இருந்த பொண்ணு இப்பவே சொல்லிடுச்சு.