எடை ஏறியது, இரத்தம் ஏறவில்லை: கூலிக் குடும்பங்களின் குழந்தைகளைக் குறித்து மூவரின் அனுபவங்கள்

அங்கன்வாடி மேற்பார்வையாளர் (ஓய்வு), விழுப்புரம் மாவட்டம்:

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே உடல் மெலிவு 2015–16இல் 19.7 விழுக்காடாக இருந்து 2019–21இல் 14.6 ஆகக் குறைந்தது என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. அதே இடைவெளியில், இரத்தசோகை உள்ள குழந்தைகளின் விகிதம் 50.7இலிருந்து 57.4 ஆக உயர்ந்துவிட்டது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. உடம்பு தேறி, இரத்தம் தேறாமல் போவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்வேன்.

இரண்டு வயது நிரம்பிய பெண் குழந்தை. மையத்தில் எடை சரியாகவே வந்தது, 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பும், 12.5 வரை மஞ்சளும் காட்டும் கைச்சுற்றளவு நாடாவும் பச்சையிலேயே நின்றது. ஆனால் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடந்தது. தாய் நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ விடிந்ததும் கிளம்பிவிடுவதால், பாட்டியிடம் வளர்ந்த அந்தக் குழந்தைக்குக் காலையில் டீயும் பன்னும், மதியம் ரசஞ்சோறு, மாலையில் மறுபடியும் டீயும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டும்தான் ஆகாரம். வயிறு நிரம்புகிறது, இரும்புச்சத்துதான் வருவதில்லை, வருகிற கொஞ்சத்தையும் தேநீர் உடம்பில் ஒட்டவிடுவதில்லை. கொல்லையிலேயே முருங்கை நிற்கிறதே என்று கேட்டேன். "ஆய்ஞ்சு ஆக்க ஆளு யாரும்மா இருக்கா?" என்றார், பார்வை மங்கிப்போன அந்தப் பாட்டி. கீரையின் சத்தைப் பற்றிப் பேச என்னிடம் படங்கள் நிறைய இருந்தன. அதை ஆய்வதற்கு வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது என்ற கேள்வி நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை. சத்துமாவும் அப்படித்தான்: ஒரு குழந்தைக்கென்று அளந்து கொடுத்தது, அந்த வீட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உருண்டையாகப் பிரிந்து போனது. அதற்காக அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சூளைக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துபவர், திருவள்ளூர்:

மேற்பார்வையாளர் அம்மா எழுதியது அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயர் உள்ள குழந்தையைப் பற்றி. இங்குள்ள செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்களின் குழந்தைகளுக்கு அந்தப் பெயரும் கிடைப்பது எளிதல்ல. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரைநாள் மையத்துக்குப் போனால், அறுக்கும் கல் குறைந்து முன்பணக் கடன் அடைபடாமல் நிற்கும். ஆகவே அங்கன்வாடிப் பணியாளர் அக்காவே தொங்கு தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வேப்பமரக் கிளையில் கட்டி எடை பார்த்தார். ஒரு பையனுக்கு நாடா மஞ்சளில் நின்றது. குழந்தைகளைப் பதிவு செய்யும் கைபேசிச் செயலி தாயின் ஆதார் எண்ணைக் கேட்க, அட்டையோ ஊரில் தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அக்கா அன்று வராத பிள்ளைகளின் பங்கிலிருந்து மாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பையன் சாப்பிட்டான், அவன் மெலிந்திருந்ததும், மாவு தின்றதும் அந்த மாதக் கணக்கில் ஏறவில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, மதுரை:

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் ஊரில்தான் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25இல் திருக்குவளையில் விரிவாக்கப்பட்டது. வெறும் வயிற்றோடு வந்து காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளைகளை இப்போது நான் பார்ப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தட்டில் வாங்கிய பொங்கலில் பாதியை டப்பாவில் அடைத்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்து விசாரித்தபோது, "தம்பிக்கு மிஸ்" என்றாள். தம்பிக்கு மூன்று வயது. மேலே குறிப்பிட்ட ஆய்வின் எண்கள் அவன் வயதுக்காரர்களைப் பற்றியவை. பள்ளியின் காலை உணவோ ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அங்கன்வாடியில் அவனுக்கு மதிய உணவும் வாரம் மூன்று முட்டையும் உண்டென்றாலும், தாய் கட்டட வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மையம் திறந்திருப்பதில்லை. அக்கா பள்ளிக்கு வந்துவிட்டால் அவனை அங்கே கொண்டு விடவும் ஆளில்லை. மேற்பார்வையாளர் அம்மாவிடம் ஒன்று கேட்கிறேன்: வேலைக்குப் போகும் தாய்மாருக்காக மையத்தை முன்கூட்டியே திறந்து பார்த்த ஊர் ஏதேனும் உங்கள் பணிக்காலத்தில் உண்டா? இருந்தால், அந்தக் கூடுதல் நேரத்துக்குப் பணியாளருக்கு யார் ஊதியம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.