அக்கா அமெரிக்க ஆர்மி ரிசர்வில் அனஸ்தீசியா நர்ஸ், வெளிநாட்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது

கொழிஞ்சாம்பாறைத் தம்பி:
அக்கா டெக்சாஸில் சிஆர்என்ஏ, அதாவது மயக்கம் கொடுக்கும் நர்ஸ். ரிசர்வில் சேர்ந்தது தெரியும், மாசத்துக்கு ஒரு வார இறுதி, வருசத்துக்கு ரெண்டு வாரம் பயிற்சி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். இப்போது ஆர்டர் வந்துவிட்டது, எந்த நாடு என்று சொல்லமாட்டேன் என்கிறாள். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பாலக்காட்டிலும் சரி கோயம்புத்தூரிலும் சரி மயக்கம் கொடுப்பது டாக்டர்தானே, இவள் நர்ஸ், அங்கே போய் என்ன செய்வாள் என்று வேறு கேட்கிறார். எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? ஆஸ்பத்திரி வேலை என்னாகும்?

வாளையார் அண்ணன் (அமெரிக்க ஆர்மி மெடிக்கல் யூனிட்டில் இருந்தவன்):
தம்பி, நாட்டின் பெயரைச் சொல்லாதது அவளுக்குப் போட்ட உத்தரவு, உங்களிடம் மறைக்கிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரிசர்வில் இருக்கும் டாக்டர், பல் டாக்டர், சிஆர்என்ஏ இவர்களுக்கு மட்டும் ஆர்மி 90 நாள் சுழற்சி வைத்திருக்கிறது, முன்னாலும் பின்னாலும் இருக்கிற பேப்பர் வேலை, பயிற்சி எல்லாம் சேர்த்தால் நாலு மாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஒன்பது மாசம், ஒரு வருசம் என்று கிடப்பார்கள்.

அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். நம்ம ஊர் முறை வேறு. அங்கே ஐசியு அனுபவத்துக்குப் பிறகு தனியாக மேல்படிப்பு முடித்துத்தான் சிஆர்என்ஏ ஆக முடியும், இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு டாக்டரேட்டே கட்டாயம். போர்முனைக்குப் பக்கத்தில் போகும் அறுவை டீம் என்றால் பழைய அமைப்பில் 20 பேர், அதில் மயக்கத்துக்கு ரெண்டு சிஆர்என்ஏ, மயக்க டாக்டர் கிடையாது. ரத்தம் போய் பிரஷர் விழுந்தவனுக்கு பிரஷரை அதிகம் இறக்காத கீட்டமைன் என்ற மயக்க மருந்து, ஸ்டாக் ரத்தம் தீர்ந்தால் முன்பே பரிசோதித்து வைத்த கூட இருக்கும் சிப்பாய்களிடமிருந்தே நேராக எடுத்து ஏற்றுவது, சிலிண்டர் சுமக்க முடியாது என்பதால் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் மெசின், இப்படித்தான் வேலை ஓடும். பெரிய ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் பார்த்துக்கொள்வதை அங்கே அவளே பார்க்கணும். பெரிய கேஸ் எதுவும் இல்லாமல் வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பதும் உண்டு, அதுதான் ரொம்பப் படுத்தும்.

நகரி நர்ஸ்:
வேலை போகாது. 1994 சட்டம், யூசெரா என்பார்கள், திரும்பி வந்தால் இடத்தைக் கொடுத்தே ஆகணும். ஆனால் சேவை 31 முதல் 180 நாள் வரை என்றால் முடிந்த 14 நாளுக்குள் விண்ணப்பிக்கணும். ஆஸ்பத்திரி அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்கணும் என்று சட்டத்தில் இல்லை, ஆர்மி சம்பளம் தனி, வீட்டுக் கடன் இருந்தால் இப்போதே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பேருந்து நிலைய நண்பர்:
அக்காவிடம் ஓசிஐ இருக்கா, அதான் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் விசா இல்லாமல் இந்தியா வர வைத்திருக்கும் அட்டை? வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓசிஐ கிடைக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விசா எடுத்து வரவேண்டியதுதான், அடுத்த கல்யாணத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி:
ஓசிஐ விசயம் சுத்தமாகத் தெரியாது, மாமாவிடம் இன்றைக்கே கேட்கிறேன். அம்மாவிடம் நாலு மாசம் என்று சொன்னேன். அண்ணா, போன் கிடைக்குமா அங்கே?

வாளையார் அண்ணன்:
பெரும்பாலும் கிடைக்கும், வாட்ஸப்பும் ஓடும். ஆனால் முகாமில் யாராவது இறந்தால் குடும்பத்துக்குத் தகவல் போகும் வரை எல்லாருக்கும் லைனை நிறுத்திவிடுவார்கள். ரெண்டு நாள் சத்தமே இல்லை என்றால் அம்மா பயந்துவிடக் கூடாது, அதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.