பழைய இணைய நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் கணக்கு திறக்கவில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்படுகிறது

காவிரிக்கரை (கேள்வி):

வணக்கம். 2005ஆம் ஆண்டு வீட்டுக்கு முதன்முதலாக பிராட்பேண்ட் இணைப்பு வாங்கியபோது அந்த நிறுவனமே கொடுத்த மின்னஞ்சல் முகவரியை இன்றுவரை வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் அதை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது என்பது மட்டும் இந்தச் சிக்கலோடு தொடர்புடையதாக இருக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த இணைப்பை ஒப்படைத்துவிட்டு, வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறினேன். அன்றிலிருந்து பழைய முகவரியிலிருந்து மடல் அனுப்ப முடியவில்லை. ஆனால் வருவது நிற்கவில்லை என்பதால், அனுப்புவதற்கு ஜிமெயில், பெறுவதற்குப் பழையது என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரங்களாகப் பெறுவதும் நின்றுவிட்டது. கணினியில் விண்டோஸ் 7, அதில் மடல் படிக்க விண்டோஸ் லைவ் மெயில் என்ற மென்பொருள். திறந்தவுடன் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி வருகிறது. சரியாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் அதே பெட்டி மீண்டும் வருகிறது. உலாவி வழியாக முயன்றேன். நான் குறித்து வைத்திருந்த பழைய பக்கம் வேறொரு புதிய பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கும் விவரம் தவறு என்றே பதில். கடவுச்சொல் நான் மறந்துபோன ஒன்றன்று. 2005இல் டைரியில் எழுதி வைத்தது. அதை ஒருமுறைகூட மாற்றியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. மூன்று மாதங்களாகவே வங்கியின் மாத அறிக்கை போன்ற, பிடிஎஃப் இணைத்து வரும் மடல்கள் வரவில்லை. இரண்டு வரிச் செய்திகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. விளம்பரத் தொல்லை குறைந்ததே என்று அப்போது மகிழ்ந்தேன். மியூச்சுவல் ஃபண்டு, காப்பீடு, வருமான வரி என எல்லாவற்றுக்கும் இந்த முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். மகள் வெளிநாட்டில் படித்த காலத்தில் எழுதிய மடல்களும் இந்தக் கணக்கில்தான் உள்ளன.

மலைக்கோட்டை:

ஐயா, உங்கள் கணினிதான் காரணம் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14உடன் முடிந்துவிட்டன; லைவ் மெயிலுக்கான ஆதரவு அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்பே நின்றுபோனது. இன்றைய சர்வர்கள் எதிர்பார்க்கும் டிஎல்எஸ் மறையாக்கம் (தகவலை வழியில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் முறை) அதில் வேலை செய்யாது. புதிய கணினியில் முயன்று பாருங்கள்.

கம்பிவடம்:

மலைக்கோட்டை சொல்வதில் உண்மை இருக்கலாம், ஆனால் இப்போதே கணினியின் மேல் பழி போட வேண்டாம். முதலில், ஐயா, இன்று ஒரு நாள் கடவுச்சொல் கொடுத்துப் பார்ப்பதை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். லைவ் மெயிலையும் மூடிவிடுங்கள். நீங்கள் பார்க்காத நேரத்திலும் அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே நுழைய முயன்றுகொண்டிருக்கும். பல முறை தவறினால் சிறிது காலத்துக்குக் கணக்கைப் பூட்டி வைக்கும் சர்வர்கள் உண்டு. அந்த நேரத்தில் சரியான கடவுச்சொல்லும் தவறாகவே தெரியும்.

அதற்குள் இரண்டு சோதனைகள் செய்யலாம். உங்கள் ஜிமெயிலிலிருந்து இந்தப் பழைய முகவரிக்கு ஒரு மடல் அனுப்புங்கள். கணக்கே இல்லாமல் போயிருந்தால், சற்று நேரத்தில் அந்த மடல் திரும்பி வரும். திரும்பி வரும் அறிவிப்பில் புள்ளியிட்ட மூன்று எண்கள் இருக்கும். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே அங்கு இல்லை. 5.2.1 என்றால் கணக்கு இருக்கிறது, முடக்கி வைத்திருக்கிறார்கள். 5.2.2 என்றால் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. எதுவுமே திரும்பவில்லை என்றால் மடல் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். உள்ளே நுழைய முடியாதபோது, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதை வெளியே நின்றே அறிய இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாவது சோதனை நாளைக்கு. லைவ் மெயிலை ஒரே ஒரு முறை திறந்து, பிழைச் செய்தியில் ‘விவரம்’ என்ற பகுதியை விரித்துப் பாருங்கள். சர்வர் சொன்ன பதில், போர்ட் எண் (சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்), பாதுகாப்பான இணைப்பா இல்லையா, கடைசியில் ஒரு நீண்ட பிழை எண் என்று வரிசையாக இருக்கும். அந்த வரிகளை அப்படியே எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எங்கும் எழுத வேண்டாம்.

காவிரிக்கரை:

தம்பிக்கு நன்றி. சோதனை மடல் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டது, எண் 5.2.2.

லைவ் மெயிலின் பிழை எண் 92 என்று முடிகிறது. போர்ட் 110, பாதுகாப்பான இணைப்பு ‘இல்லை’ என்று காட்டுகிறது. சர்வரின் பதில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வரி. பாதுகாப்பு இல்லாத இணைப்பில் கடவுச்சொல்லை வெளிப்படையாக அனுப்புவது அனுமதிக்கப்படாது என்ற பொருளில் இருக்கிறது. இந்த வரியை நான் இதுவரை படித்ததே இல்லை. பெட்டி கடவுச்சொல்லைக் கேட்டது, நானும் கடவுச்சொல்லையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையே ஒரு தவறும் செய்யப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரோடு ‘வாடிக்கையாளர் சேவை’ என்று இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தேன். பேசியவர் உடனே உதவுவதாகச் சொல்லி, என் கைப்பேசித் திரையை அவர் பார்க்கும்படியான ஒரு செயலியை நிறுவச் சொன்னார். மின்னஞ்சலுக்கு எதற்குத் திரை என்று கேட்டதும் குரல் மாறியது, வைத்துவிட்டேன்.

கம்பிவடம்:

வைத்தது நல்லது. அது அந்த நிறுவனத்தின் எண்ணாக இருக்க வாய்ப்பே குறைவு. தேடலில் போலி எண்ணை மேலே வரவைப்பது இன்று பெரிய மோசடித் தொழில். செயலியை நிறுவியிருந்தாலோ பணம் ஏதும் போயிருந்தாலோ உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

இனி உங்கள் விடைகளுக்கு வருகிறேன். 5.2.2 என்பது நல்ல செய்தி, கணக்கு உயிரோடு இருக்கிறது. நிரம்பியிருப்பதால்தான் பெரிய மடல்கள் வெளியே நின்றன. மிச்சமிருந்த இண்டு இடுக்கில் சின்ன மடல்கள் மட்டும் புகுந்துகொண்டிருந்தன. லைவ் மெயில் அமைப்பில் ‘சர்வரில் ஒரு நகலை விட்டுவை’ என்ற கட்டத்தை நீங்கள் எப்போதோ தேர்ந்திருப்பீர்கள். அதனால் கணினிக்கு இறங்கிய ஒவ்வொரு மடலும் அங்கேயும் தங்கி, அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது.

ஆனால் பெட்டி நிரம்பியதால் உள்நுழைவு தடைபடாது. அது தனிச் சிக்கல். போர்ட் 110 என்பது, மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையின் பழைய வாசல். அதில் உங்கள் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எந்த மறையாக்கமும் இல்லாமல், அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியதுபோல, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போகும். 2005இல் அது இயல்பான நடைமுறை. இரண்டு வாரங்களுக்கு முன் அந்த நிறுவனம் இந்த வாசலில் கடவுச்சொல் வாங்குவதை நிறுத்திவிட்டது என்று அந்த வரியிலிருந்து தெரிகிறது. ‘கடவுச்சொல் தவறு’ என்பதையும் ‘இந்த வழியில் கடவுச்சொல் வாங்க மாட்டேன்’ என்பதையும் லைவ் மெயில் வேறுபடுத்தாமல், இரண்டுக்கும் அதே பெட்டியைத்தான் நீட்டும். உங்களை அலைக்கழித்தது இதுதான்.

மலைக்கோட்டைக்கு ஒரு சொல்: மறையாக்கத்தில் பொருத்தம் இல்லையென்றால் பேச்சு கடவுச்சொல் வரை வந்திருக்காது, அதற்கு முன்பே இணைப்பு அறுந்திருக்கும். இங்கே சர்வர் முறையாகப் பதில் சொல்லி மறுத்திருக்கிறது.

உலாவியில் மறுக்கப்பட்டதற்கு வேறு காரணம் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பயனர்பெயராக @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும்தானே கொடுக்கிறீர்கள்? அந்தக் காலத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒரே சர்வர், ஒரே முகவரிப் பின்னொட்டு. ஆகவே அது போதுமானதாக இருந்தது. வாங்கிய நிறுவனம் பல பின்னொட்டுகளை ஒரே இடத்தில் வைத்து நடத்தும்போது, ‘முருகன்’ என்று மட்டும் சொன்னால் எந்த முருகன் என்று சர்வருக்குத் தெரியாது. முழு முகவரியையும் பயனர்பெயராகக் கொடுத்துப் பாருங்கள், உலாவியிலும் லைவ் மெயிலிலும்.

லைவ் மெயிலில் கணக்கின் பண்புகளைத் திறந்து, கடைசித் தாவலில், உள்வரும் அஞ்சலுக்குப் பாதுகாப்பான இணைப்பு தேவை என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். எண் 110 என்பது 995 என்று தானாக மாறும்.

மூன்று ஆண்டுகளாக அனுப்ப முடியாததற்கும் விடை இருக்கிறது. பழைய நிறுவனங்கள் பலவற்றில் வெளிச்செல்லும் சர்வர் கடவுச்சொல்லே கேட்காது. தன் கம்பியில் இருப்பவரா என்று மட்டும் பார்க்கும். நீங்கள் அந்தக் கம்பியை விட்டு வெளியேறிய நாளில் அந்த உரிமை போய்விட்டது.

நெய்தல்:

ஐயா, எதையும் மாற்றுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். இத்தகைய சிக்கல்களில் பலர் எரிச்சலில் செய்வது, கணக்கை லைவ் மெயிலிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது. அப்படி நீக்கினால் அந்தக் கணக்கின் கீழ் உள்ள மடல்களும் சேர்ந்து போகக்கூடும். நகல் விடும் கட்டத்தை நீங்கள் எந்த ஆண்டு தேர்ந்தீர்களோ, அதற்கு முந்தைய மடல்கள் சர்வரில் இருக்காது. உலகத்திலேயே உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும். மகள் எழுதியவை அந்த வகையாக இருந்தால் மீட்க வழியே இல்லை.

லைவ் மெயில் ஒவ்வொரு மடலையும் தனிக் கோப்பாக வைத்திருக்கும் என்பது நமக்கு வசதி. உங்கள் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் கோப்புறைகளைக் காட்டச் செய்து, விண்டோஸ் லைவ் மெயில் என்ற பெயரில் உள்ள கோப்புறையை முழுதாக ஒரு பென் டிரைவுக்கு நகலெடுங்கள். பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

கணக்கு திறந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள் என்பது என் கருத்து. அமெரிக்காவில் வெரைசன் என்ற இணைய நிறுவனம் 2017இல் தன் மின்னஞ்சல் சேவையிலிருந்து விலகியபோது, முகவரியைத் தொடர விரும்பியவர்கள் ஏஓஎல் என்ற மின்னஞ்சல் சேவைக்கு மாற வேண்டியிருந்தது. இணைய நிறுவனத்துக்கு மின்னஞ்சல் என்பது இணைப்போடு கொடுத்த இலவசப் பொருள். இணைப்பை நீங்கள் ஒப்படைத்த பிறகும் அது ஓடுவது அவர்கள் கணக்கை மூட மறந்ததால்கூட இருக்கலாம். வருமான வரித் தளத்தில் ஆதாருக்கு வரும் ஓடிபி கொண்டே உள்ளே நுழைய முடியும். ஆகவே அங்கு முகவரியை மாற்றுவதற்குப் பழைய கணக்கு திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

காவிரிக்கரை:

அம்மா சொன்னபடி முதலில் நகலெடுத்தேன். நல்லவேளை, நீக்கிச் சேர்க்கலாம் என்றுதான் நேற்று நினைத்திருந்தேன்.

முழு முகவரி கொடுத்ததும் உலாவியில் திறந்துவிட்டது! பதினெட்டு ஆண்டுகளாகக் கை பழகிய பழக்கம்; கூடுதலாக எதுவும் தட்டச்சு செய்யத் தோன்றவே இல்லை. 50 எம்பி இடத்தில் ஒரு துளியும் மிச்சமில்லை என்று சிவப்பில் காட்டுகிறது. மிகப் பழைய மடல் 2013ஆம் ஆண்டினது.

ஆனால் லைவ் மெயிலில் 995 என்று மாற்றியபின் கடவுச்சொல் பெட்டி வருவதில்லை. அதற்குப் பதிலாக, சர்வர் இணைப்பைத் துண்டித்துவிட்டது என்கிறது. பிழை எண்ணும் வேறு.

கம்பிவடம்:

இப்போது மலைக்கோட்டை சொன்னது பொருந்துகிறது. இந்த இரண்டாவது தடையைப் பற்றி அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். டிஎல்எஸ் 1.0 என்பது 1999இல் வந்தது, 1.1 என்பது 2006இல். இரண்டையும் 2021 மார்ச்சில் முறைப்படி ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போதைய சர்வர்கள் குறைந்தது 2008இல் வந்த 1.2 பதிப்பைக் கேட்கும். அது விண்டோஸ் 7க்குள் உண்டு, ஆனால் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். லைவ் மெயில் மறையாக்கத்துக்கு விண்டோஸைத்தான் நம்பியிருக்கிறது.

விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து அதை இயக்கலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்டர்பேர்டு என்ற இலவச மடல் மென்பொருள் மறையாக்கத்துக்குத் தன் சொந்த நிரல் தொகுப்பை வைத்திருக்கிறது, விண்டோஸைச் சார்ந்ததில்லை. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு 115. அதை நிறுவி, மடல்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில், போர்ட் 993 கொடுத்து, முழு முகவரியோடு கணக்கைச் சேருங்கள். சர்வரில் உள்ள மடல்கள் அப்படியே தெரியும். அவற்றைத் தண்டர்பேர்டின் ‘உள் கோப்புறைகள்’ பகுதிக்கு நகலெடுங்கள்; இணையத்தைத் துண்டித்துவிட்டு இரண்டு மூன்று மடல்களைத் திறந்து, இணைத்த கோப்புகளோடு இறங்கியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அதன் பிறகே சர்வரில் அழிக்க வேண்டும். ஐமேப்பில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

அழித்தபின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் விடுபடும். கடவுச்சொல்லையும் இன்றே மாற்றுங்கள். பதினெட்டு ஆண்டுகள் அது திறந்த அஞ்சலட்டையாகப் பயணம் செய்திருக்கிறது.

மலைக்கோட்டை:

தவறான நேரத்தில் சரியான பதில் சொல்லிவிட்டேன் போலும். ஐயா, பெட்டி நிரம்பியிருந்த மாதங்களில் திரும்பிப்போன மடல்கள் இனி தாமாக வராது. வங்கியின் தளத்தில் அந்த மாத அறிக்கைகளை நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும். பல முறை திரும்பிய முகவரிக்கு அனுப்புவதையே நிறுத்திவிடும் நிறுவனங்களும் உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள்.

காவிரிக்கரை:

முடிந்தது. தண்டர்பேர்டு முதல் முயற்சியிலேயே ஏற்றுக்கொண்டது. 2013க்குப் பிந்தையவை எல்லாம் இறங்கிவிட்டன. இணையத்தைத் துண்டித்தும் திறந்து பார்த்தேன். மகளின் மடல்கள் 2006இலிருந்து 2011 வரையிலானவை, பென் டிரைவில் இருக்கும் கோப்புகளுக்குள் பத்திரமாக இருக்கின்றன. நெய்தல் அம்மாவின் பதிலை ஒரு நாள் தாமதமாகப் படித்திருந்தால் அவை போயிருக்கும்.

சர்வரில் பாதியை அழித்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன், ஜிமெயிலிலிருந்து மீண்டும் ஒரு சோதனை மடல் அனுப்பினேன்; திரும்பவில்லை, வந்து சேர்ந்தது. வருமான வரித் தளத்திலும் காப்பீட்டிலும் முகவரியை மாற்றிவிட்டேன்; மியூச்சுவல் ஃபண்டு மட்டும் பாக்கி, அதற்கு நாளை உட்காருகிறேன். பழைய முகவரியிலிருந்து அனுப்பும் வசதியைச் சரிசெய்யப் போவதில்லை. டைரியில் 2005ஆம் ஆண்டுக் கடவுச்சொல்லை அடித்துவிட்டு, அதன் கீழே பயனர்பெயரை @ குறியோடு முழுதாக எழுதி வைத்திருக்கிறேன்.