சார்ஜர் குறைந்த தடங்களில் மின்காருடன் நெடும்பயணம்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

திருச்சி உறுப்பினர்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2020-இல் விற்பனைக்கு வந்த டாடா நெக்சான் மின்காரின் முதல் வடிவம். பேட்டரியின் கொள்ளளவு 30.2 யூனிட் (கிலோவாட்-மணி). சோதனைக்கூட அளவீட்டில் ஒரு முழுச் சார்ஜில் 312 கி.மீ. ஓடும் என்றாலும், நான்கு பேர், சாமான், ஏசி என்று நான்கு வழிச்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்வது 200 கி.மீ. மட்டுமே. அதிலும் கடைசி 15 சதவீதத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்வதால், திட்டம் போடக் கையில் நிற்பது 170 கி.மீ. இந்த எண்ணை வைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு எப்படிப் போகிறேன் என்று எழுதுகிறேன். 40, 50 யூனிட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறலாம், முறை மாறாது.

திருச்சியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 135 கி.மீ., அங்கிருந்து கோவில்பட்டிக்கு 100, பிறகு திருநெல்வேலிக்கு 55 முதல் 60, நாகர்கோவிலுக்கு மேலும் 80. வீட்டில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் மதுரையில் 30 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். அங்கே 80 சதவீதம் வரை ஏற்ற இந்தக் காருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. சார்ஜர் எத்தனை கிலோவாட் ஆனாலும், கார் வாங்கிக்கொள்வது 25 கிலோவாட்டை ஒட்டித்தான். 80-க்கு மேல் ஏற்றம் மிகவும் மெதுவாகிவிடுவதால், ஒரே இடத்தில் நூறு வரை காத்திருப்பதைவிட இரண்டு இடங்களில் 80 வரை ஏற்றிக்கொண்டு போவது நேரத்தை மிச்சப்படுத்தும். எனவே அடுத்த நிறுத்தம் கோவில்பட்டி. சார்ஜ் ஏறும் நேரத்தில் அந்த ஊரில் என்ன வாங்கலாம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சார்ஜரைத் திட்டத்தில் சேர்க்கும் முன், அது வேலை செய்யாவிட்டால் எங்கே போவது என்ற கேள்விக்கு விடை இருக்கிறதா என்று பார்க்கிறேன். மாற்று சார்ஜரை எட்டும் அளவுக்குச் சார்ஜ் கையில் இருக்கும்போதே முதல் சார்ஜரில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். வரைபடச் செயலியில் புள்ளி இருக்கிறது என்பதற்காக நம்பிவிட முடியாது. பிளக்ஷேர் போன்ற செயலிகளில், அந்த இடத்தில் கடைசியாக யார், எந்தக் காருக்கு, எந்தத் தேதியில் வெற்றிகரமாக ஏற்றினார் என்ற பதிவைப் பார்த்துவிட்டே நான் முடிவெடுப்பேன். பதிவு மாதக்கணக்கில் பழையது என்றால் அந்தச் சார்ஜர் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். சில புள்ளிகள் பாரத் டிசி-001 என்ற பழைய இந்தியத் தர வகையைச் சேர்ந்தவை. அவற்றின் துப்பாக்கி (கம்பி நுனியில் காரில் செருகும் பிடி) நம் கார்களில் உள்ள சிசிஎஸ்-2 வகைத் துளைக்குள் நுழையவே நுழையாது. 60 கிலோவாட் என்று எழுதப்பட்ட இரட்டைத் துப்பாக்கிச் சார்ஜர்களில் பலவும், பக்கத்தில் இன்னொரு கார் வந்து சேர்ந்தவுடன் ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். என் காருக்கு அதனால் நட்டமில்லை, பெரிய பேட்டரிக்காரர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் பெட்ரோல் பங்க்கில் உள்ள சார்ஜரை நம்பிப் போகிறவர்கள் பகலிலேயே ஒரு முறை அழைத்துப் பேசிவிடுவது நல்லது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும் பங்க்குகள் உண்டு.

இனி காற்று. காற்றில்லாத மாதங்களில் கோவில்பட்டியில் 80 சதவீதத்துக்கும் சற்றே கூடுதலாக ஏற்றிக்கொண்டால் நேரே நாகர்கோவில் சேர்ந்துவிடலாம். ஆனி, ஆடி மாதங்களில் அந்த எண்ணமே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வரும் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்! திருநெல்வேலியிலிருந்து தெற்கே போகிறவருக்கு அது எதிர்காற்று. 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் 30 கி.மீ. எதிர்காற்றைச் சந்தித்தால், அதன் முகத்தில் மோதுவது 110 கி.மீ. வேகக் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்ப ஏறுவதால், அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது சதவீதம் பறப்பதில் வியப்பென்ன? ஆகவே அந்தப் பருவத்தில் திருநெல்வேலியில் ஒரு நிறுத்தத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்கிறேன். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால் அந்த நிறுத்தம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

சார்ஜர் இன்னும் 40 கி.மீ. தள்ளி இருக்கும்போது திரையில் காட்டும் சதவீதம் போதாது என்று தோன்றினால், பலரும் முதலில் ஏசியை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதைவிட வேகத்தை 60-க்கு இறக்குவதில் மிச்சமாகும் மின்சாரம் கூடுதல். இடப்பக்கத் தடத்தில் ஒரு லாரிக்குப் போதிய இடைவெளி விட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தால், சார்ஜரும் வந்துவிடும், வெயிலில் வேகவும் வேண்டாம்.

கோவை உறுப்பினர்:

திருச்சி நண்பர் காற்றைப் பற்றி எழுதியதால், நான் மலையைப் பற்றி எழுதுகிறேன். என்னிடமும் அதே கார்தான். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆட்களும் பெட்டிகளுமாக 1,700 கிலோ எடையை 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, இயற்பியல் கணக்கின்படியே ஏறத்தாழ 9 யூனிட் வேண்டும். மோட்டாரில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 10. அதோடு குன்னூர் வழியாக 50 கி.மீ. சாலையில் உருளுவதற்கான செலவும் சேர்ந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து மட்டும் 16 யூனிட் போய்விடும், அதாவது பாதிப் பேட்டரிக்கு மேல். கோவையில் நூறுடன் கிளம்பினால், ஊட்டியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது.

புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துப் பதறி, மேலே எங்காவது முழுச் சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும் என்று அலைகிறார்கள். உண்மையில் இறக்கத்தில் கார் தானே மின்சாரம் திரட்டிக்கொள்வதால், மேட்டுப்பாளையத்துக்கு வந்து சேரும்போது புறப்பட்டதைவிடப் பத்து சதவீதத்தை ஒட்டிக் கூடியிருக்கும். அங்கிருந்து கோவைக்கு 35 கி.மீ. மட்டுமே. ஆகவே மேலே தேவைப்படுவது, தொட்டபெட்டா, பைக்காரா என்று சுற்றுவதற்கான மின்சாரம் மட்டும்தான். அதற்கு விடுதியில் ஓர் இரவு சாதாரணப் பிளக்கில் ஏற்றினாலே தாராளம்.

முழுச் சார்ஜுடன் மலையிறங்குவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நிரம்பிய பேட்டரியால் எதையும் வாங்கிக்கொள்ள முடியாது என்பதால், மோட்டார் வழியாக வேகத்தைக் குறைக்கும் அமைப்பு அந்நேரம் வேலை செய்யாது, அல்லது பெயருக்கு வேலை செய்யும். பெட்ரோல் காரில் வருபவர் மலைப்பாதைப் பலகை சொல்கிறபடி இரண்டாம் கியரில் இறங்குகிறார். நமக்குக் கியரும் இல்லை, மோட்டாரின் பிடிப்பும் இல்லை என்றால், கொண்டை ஊசி வளைவுகள் முழுவதும் பிரேக் கட்டைகளின் தலையில்தான் விழும். ஊட்டியில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். விடுதிக்காரர் தாராள மனத்தோடு விடியும்வரை ஏறட்டும் என்று சொன்னாலும், எழுந்து போய்ப் பிடுங்கிவிடுவேன்.

சென்னை உறுப்பினர்:

எங்கள் குலதெய்வக் கோயில் வேதாரண்யம் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 350 கி.மீ. புதுச்சேரி வரை கவலையில்லை, சிதம்பரம் தாண்டித் தெற்கே போகப் போகச் சார்ஜர்களின் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. நண்பர்கள் இருவரும் வேகச் சார்ஜரைப் பற்றியே கூடுதலாக எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட தடங்களில் இரண்டு வேகச் சார்ஜர்களைவிட, ஒழுங்கான எர்த் உள்ள ஒரு 15 ஆம்பியர் பிளக் மேலானது. மணிக்கு 3 யூனிட் என்ற கணக்கில், நாம் தூங்கி எழுவதற்குள் 25 யூனிட் ஏறிவிடும்.

விடுதியில் அறை பதிவு செய்யும்போது, சார்ஜிங் வசதி உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஏசிக்கோ ஹீட்டருக்கோ போடுவது போன்ற 15 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தண்ணீர் மோட்டார் அறையிலோ சமையற்கட்டின் பின்சுவரிலோ ஒன்று இருக்கும். மின்சாரத்துக்கு 300 ரூபாய் தனியாகத் தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பேச்சு சுமுகமாக முடிகிறது.

பாயிண்ட் கிடைத்த பிறகும், எர்த் சரியில்லை என்றால் காருடன் வந்த சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு விடுதியில் வந்த எலக்ட்ரீசியன், “இதுக்கு எதுக்கு சார் கவலை, பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தர்றேன்” என்றார். விளக்குப் பச்சைக்கு மாறும் என்பது உண்மைதான். ஆனால் வழியில் எங்கேனும் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் காரின் உடல் முழுவதும் மின்சாரம் வந்து நிற்கும், மழைநாளில் குழந்தை ஒன்று கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் சொன்னேன். பிறகு அவரே சமையற்கட்டிலிருந்து நல்ல எர்த் உள்ள வேறு பாயிண்ட்டைக் காட்டினார். யார் எவ்வளவு உறுதி சொன்னாலும் இந்தக் குறுக்குவழிக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஜெனரேட்டர் ஓடும்போதும் இதே சிவப்பு விளக்கு வருவதுண்டு. பெரும்பாலும் அங்கே நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருப்பதே காரணம். இரவு மின்வெட்டு வந்து, ஜெனரேட்டர் ஓடி, மறுபடி மின்சாரம் வந்த பிறகு சார்ஜர் தானாகத் தொடங்கியதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்து வீடுகளில் பிரச்சினை வேறு. மாலை நேரத்தில் பம்புசெட்டுகள் ஓடும்போது மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கி, சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். மின்னோட்டத்தைக் குறைத்து வைக்கும் வசதி உங்கள் சார்ஜரில் இருந்தால் 10 ஆம்பியரில் வையுங்கள். இல்லையென்றால் இரவு பத்து மணிக்கு மேல் செருகுங்கள்.

திருச்சி உறுப்பினர்:

சென்னை நண்பருக்கு நன்றி. நீட்டிப்புக் கம்பி பற்றித் தனிச்செய்தியில் சிலர் கேட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கடையில் விற்கும் ஸ்பைக் பஸ்டர் (கணினி, டி.வி.க்குப் போடும் பல சாக்கெட் பெட்டி) இதற்கு ஆகாது. 4 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் செம்புக் கம்பியை 15 மீட்டர் வாங்கி, இருமுனையிலும் நல்ல 15 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டும் போட்டு வைத்திருக்கிறேன். ஏற்றும்போது கம்பியைச் சுருளாக விட்டுவைக்காமல் முழுவதும் விரித்துப் போட வேண்டும், சுருளில் சூடு வெளியேறாது. செருகி அரை மணி நேரம் கழித்து, சுவரில் இருக்கும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் சாக்கெட்டின் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது, விடுதிக்காரரிடம் வேறு பாயிண்ட் கேளுங்கள்.