வெள்ளைத் துணியும் பாட்டியின் கன்னத்து நீலமும்

கோத்தகிரிக்காரன்:
டிஃப்யூசருக்கு, அதாவது வெளிச்சத்தை மென்மையாக்க நடுவில் பிடிக்கும் திரைக்கு, மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பளீர் வெள்ளை லைனிங் துணி, 3 மீட்டர். பிவிசி குழாய்ச் சட்டத்தில் கட்டி, பகல் 11 மணி வெயிலில் ஒரு படுகர் பாட்டியைப் படம் எடுத்தேன். நிழல் மென்மையாகத்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் வெள்ளை முண்டில் நீலம், கன்னச் சுருக்கங்களிலும் நீலம். துணி பளிச்சென்று தெரிய ஆலையில் ஏற்றும் வெண்மையூட்டி, புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக விடுமாம். 1000 மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். நம் மலையில் கேட்கவா வேண்டும். அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. போகும்போதெல்லாம் எனக்கு நீலம்தான் கண்ணில் படுகிறது.

கொடைக்கானல் பக்கம்:
துணியைக் குறை சொல்லாதீர்கள். மலையில் நிழலில் நின்றாலே வானத்து நீலம் முகத்தில் விழும். எனக்கு நடந்தது வேறு. ஆறடிக்கு ஆறடி காடாத் துணி, பூம்பாறை மேடு, திடீரென்று காற்று. துணி உப்பி, ஸ்டாண்டைப் பிடித்திருந்த பையனை இரண்டு எட்டு இழுத்துப் போனது. கீழே படிப்படியாகப் பூண்டு வயல். "விடுடா" என்று கத்துகிறேன், அவன் விடவே இல்லை. அந்த நொடியை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

குன்னூர் ஸ்டூடியோ:
1000 வாட் ஹாலஜன் முன்னால் பாலியஸ்டர் திரையை ஒரு சாண் தூரத்தில் தொங்கவிட்டேன். நடுவில் உருகி ஓட்டை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் இதைக் கவனியுங்கள்: விளக்கைத் தள்ளி வைத்து, வெளிச்சம் துணி முழுக்கப் பரவுகிறதா என்று பாருங்கள். நடுவில் மட்டும் வட்டமாக விழுந்தால் மீதித் துணி வீண், நிழல் ஓரம் கூர்மையாகவே இருக்கும். துணியை முகத்துக்குக் கிட்டே கொண்டுவரக் கொண்டுவர மென்மை கூடும். முதலில் அரை மீட்டர் மட்டும் வாங்குங்கள். வெள்ளைத் தாளின் மேல் வெயிலில் பிடித்துப் படம் எடுத்தால் நிறம் தெரிந்துவிடும். காடா லேசாக மஞ்சளடிக்கும், முகத்துக்கு அது நல்லதே. நீலம் போட்டுத் துவைத்த வேட்டி வேண்டவே வேண்டாம். அப்புறம், காற்றில் சட்டத்தை ஆள் பிடிக்கக் கூடாது. நான்கு மூலையிலும் கயிறு கட்டி முளை அடியுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
இன்று காலை லைனிங்கையும் காடாவையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, கேமராவில் எதையும் மாற்றாமல் எடுத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே வானம்தான். லைனிங் வழியே விழுந்தது மட்டும் நீலம். சரி, காடா 3 மீட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டி ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.