திண்ணையோரக் குழிகளும் நிலைக்கதவு மண்கூடுகளும்: கலைக்கலாமா?

கானாடுகாத்தான் வளவு:
பூட்டிக் கிடந்த வீட்டைப் படைப்புக்காக (முன்னோர் வழிபாட்டுக்காக) திறந்திருக்கிறோம். முகப்புத் திண்ணைக்குக் கீழே, சாரல் படாத மண்ணில், புனலை வைத்து அழுத்தியதுபோல் வரிசையாகச் சின்னக் குழிகள். நிலைக்கதவுச் சிற்பங்களின் இடுக்கில் செம்மண் கூடுகள். சுத்தம் செய்ய வந்தவர்கள் மருந்தடித்து, கூட்டைத் தட்டிவிட்டு, கீழே சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறார்கள். கூடு மரத்தை அரிக்குமா? குழிக்குள் என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்புறாங்கல்:
தம்பி, மருந்தும் வேண்டாம், சிமென்ட்டும் வேண்டாம். குழிக்குள் இருப்பது குழியானை, சிறகுள்ள ஒரு பூச்சியின் புழுப் பருவம். மரத்தையோ சுவரையோ தொடாது.

அது பின்னோக்கித்தான் நடக்கும். வட்டம் வட்டமாகச் சுற்றிக் கீழே இறங்கியபடி, தட்டைத் தலையால் மண்ணை வெளியே வீசும். பருமணல் தூரப் போய்விடும், பொடிமணல் மட்டும் சரிவில் தங்கும். அதனால்தான் அங்கே எறும்புக்குக் கால் நிற்பதில்லை. ஏறித் தப்பப் பார்த்தால் அடியிலிருந்து மண்ணை வாரி இறைக்கும். சரிவு சரிந்து எறும்பு இரண்டு வளைந்த தாடைகளுக்கு நடுவே வந்து விழும். அந்தத் தாடைகளுக்குள் குழல் ஓடுகிறது. செரிமான நீரை எறும்புக்குள் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிவிட்டு, சக்கையைக் குழிக்கு வெளியே எறியும். குழியோரத்தில் காய்ந்த எறும்புச் சக்கை கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று நினைக்க நினைக்க வியப்பு. இந்தப் பருவம் முழுக்க அதற்கு மலம் கழிக்க வழியே கிடையாது, குடல் பின்னால் அடைபட்டிருக்கும். இரை கிடைப்பதைப் பொறுத்து ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுகூட மண்ணுக்குள்ளேயே கிடந்து, பட்டு நூலில் மணலைக் கோத்து உருண்டைக் கூடு கட்டி, சிறகு முளைத்து வெளியே வந்த பிறகுதான் சேர்ந்த கழிவையெல்லாம் வெளியேற்றும். அப்போது பார்க்கத் தட்டான்போல இருக்கும். ஆனால் உணர்கொம்பு நீண்டு முனை தடித்திருக்கும். உட்காரும்போது சிறகை உடம்பின்மேல் சாய்த்து மடக்கும். இரவில் விளக்கடியில் நாம் பெருக்கித் தள்ளும் ஒல்லித் தட்டான் பல நேரம் இதுதான்.

பார்க்க ஆசையென்றால் குழிக்கு அடியில் 3 செ.மீ. ஆழம் விட்டுத் தேக்கரண்டியால் மெதுவாக அள்ளி, மாவுச் சல்லடையில் சலியுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் 5 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த பொடிமணல் போட்டு அதில் விடுங்கள். கிண்ணத்துக்கு ஒன்றுதான், இரண்டைச் சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஈர மண் சரியாது, அதில் குழி பயன்படாது. ஆகவே வாசல் தெளிக்கும்போது அந்த ஓரத்தை ஒரு முழம் தள்ளித் தெளித்தாலே போதும்.

தேவகோட்டை ஆச்சி:
கூட்டைப் பற்றி நான் சொல்கிறேன். அது மண்குளவி கட்டியது. மரத்தை அரிக்காது, மேலே ஒட்டுவதோடு சரி. ஊரணிக் கரையின் ஈரச் செம்மண்ணை உருட்டிக் கவ்வி வரும். ஒட்டும்போது உடம்பை அதிர வைத்து மண்ணை இழைக்கும்; பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் காதில் விழும். ஒவ்வோர் அறையிலும் சிலந்திகளைக் கொட்டி மயக்கி அடுக்கும். செத்தால் அழுகிப்போகும், அதனால் உயிரோடு அசையாமல் வைக்கிறது. அதில் ஒரு சிலந்தியின்மேல் ஒரு முட்டை இட்டு, வாயை அடைத்துவிடும். கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பார்கள். உள்ளே வளரும் புழு குளவியின் சொந்தப் பிள்ளைதான். இது தனிக்குளவி, கூட்டமாக வந்து கொட்டாது.

தட்டிவிடும் முன் கூட்டை உற்றுப் பாருங்கள். பென்சில் நுழையும் அளவு வட்ட ஓட்டை இருந்தால் அந்த அறை காலி. குண்டூசி முனை அளவில் பொடிப்பொடி ஓட்டைகள் இருந்தால், வேறொரு பொடிக்குளவி உள்ளே முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் இந்தப் பிள்ளையைத் தின்று வெளியேறியிருக்கின்றன. ஓட்டையில் இலைத்துண்டு அடைத்திருந்தால் இலைவெட்டித் தேனீ குடிவந்திருக்கிறது. ஓட்டையே இல்லாத கூட்டைத் தொடாதீர்கள். வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் காலியாகும்.

கானாடுகாத்தான் வளவு:
நன்றி அண்ணே, நன்றி ஆச்சி. திண்ணையோரத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். கதவில் சில கூடுகள் ஓட்டையோடு இருக்கின்றன. தேக்கில் கறை பிடிக்காமல் எப்படி எடுப்பது?

செம்புறாங்கல்:
எடுத்த எடுப்பிலேயே தண்ணீர் படக்கூடாது. செம்மண் கரைந்து சிற்ப மடிப்புக்குள் இறங்கிவிட்டால் தேய்க்கத் தேய்க்கப் பரவும். உலர்ந்தபடியே, சீவிய மூங்கில் பட்டையைக் கூட்டின் ஓரத்தில் சாய்த்து நெம்புங்கள், பெரும்பாலும் பெயர்ந்து வந்துவிடும். இரும்பு எதுவும் வேண்டாம், கீறல் விழும். மிச்சத் தூளைப் பழைய பல் பிரஷ்ஷால் மர இழை ஓடும் பக்கமாகத் தட்டிவிட்டு, இறுகப் பிழிந்த துணியால் ஒரே ஒரு தடவை துடையுங்கள். சுண்ணாம்புச் சுவரில் துணியும் வேண்டாம், பிரஷ் போதும்.

ஊரணிக்கரை:
மேலே சொன்னதெல்லாம் மண்கூட்டுக்கு மட்டும். காகிதம் போன்ற உறையோடு பெரிய கூடு எங்காவது தொங்கினால் கதண்டு என்ற பெருங்குளவியாக இருக்கலாம். அது கூட்டமாக வந்து கொட்டும், உயிருக்கே ஆபத்து. புகை போடவோ கல்லெறியவோ வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பூட்டிக் கிடந்த வீடு என்பதால் பிள்ளைகளை விடும் முன் மாடியைப் பகலில் தள்ளி நின்று பார்த்துவிடுங்கள்.

படைப்பு நாட்களில் முகப்பில் வெள்ளை விளக்கை விடிய விடிய எரிய விடாதீர்கள். மஞ்சள் பல்பு போட்டு, ஆள் படுத்ததும் அணைத்துவிடுங்கள். சிறகு முளைத்த குழியானை வெளிச்சத்தையே சுற்றிக்கொண்டிருந்தால், மண்ணில் முட்டையிடப் போகாமல் பல்லிக்கு இரையாகிவிடும்.