முகமூடிச் சுவாசமா, முகவழி மூச்சூட்டலா?

அன்புள்ள குழுவினருக்கு,

மயக்கம் கொடுத்தவரின் முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்றைச் செலுத்தும் "மாஸ்க் வென்டிலேஷன்" என்பதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைப்பது என்ற நம் பேச்சில், நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> "முகமூடிச் சுவாசம்" என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

ஐயா, எளிமையான சொல்தான். ஆனால் அந்தச் சுவாசம் யாருடையது என்று பாருங்கள். மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகு நோயாளி சுவாசிப்பதே இல்லை. மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, அதோடு இணைந்த காற்றுப் பையை அமுக்கி, ஒவ்வொரு மூச்சையும் நாங்கள்தான் உள்ளே அனுப்புகிறோம். நோயாளி செய்யாத வேலையை அவர் பேரில் எழுதக் கூடாது. உண்பது வேறு, ஊட்டுவது வேறு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதே வேறுபாடுதான். அதனால்தான் "மூச்சூட்டல்" என்கிறேன்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே மும்பையில் தாராவியிலிருந்து வரும் நோயாளிகளில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் நிறைய. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சிட்டிருந்தார்கள். அதில் ஒரு வரி: "முகமூடிக் காற்றோட்டத்தில் சிரமம் ஏற்படலாம்." பித்தப்பை அறுவைக்கு வந்திருந்த ஓர் அண்ணாச்சியின் மகன் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "ஆபரேஷன் ரூம்ல ஜன்னல் கிடையாதா டாக்டரம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. காற்றோட்டம் என்றால் வீட்டுக்குத்தான்.

அண்ணாச்சிக்கு நெஞ்சு வரை தாடி. திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டது. அங்கே போய்த்தான் எடுப்பாராம். தாடி இருந்தால் மாஸ்க் தோலில் படியாது, முடிக்கு ஊடாகக் காற்று கசிந்துவிடும். அந்த வரியைப் படிவத்தில் சேர்த்ததே இதுபோன்ற ஆட்களுக்காகத்தான். அவருக்கோ அது ஜன்னல் சமாசாரமாகப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, என் கையையே மாஸ்க் போலக் குவித்து என் முகத்தில் வைத்துக் காட்டி விளக்கினேன். தாடியை எடுக்கவில்லை. அதன்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, வாய்க்கும் மூக்குக்கும் மட்டும் துளை விட்டோம். நான் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பையை அமுக்கினார். நெஞ்சு நன்றாக எழும்பியது.

> மூச்சூட்டல் என்பது காதில் "மூச்சுமுட்டல்" என்று விழுமே அக்கா?

தம்பி, இதற்கு இரண்டு நாள் பதில் எழுதாமல் யோசித்தேன். தியேட்டரில் மானிட்டர் கத்திக்கொண்டிருக்கும்போது ஒன்று மற்றொன்றாகக் கேட்டால் பெரிய தவறு. ஆனால் அந்த நேரத்தில் யாரும் கலைச்சொல்லில் பேசுவதில்லை. இங்கே மராத்தியும் இந்தியும் கலந்துதான் பேச்சு; "மாஸ்க்", "ஏர்வே" இரண்டும் எல்லோருக்கும் பொது. நம் சொல் படிவத்துக்கும் பாடநூலுக்கும்தான். வேண்டுமானால் படிவத்தில் மட்டும் "மூச்சு ஊட்டல்" என்று பிரித்து அச்சிடலாம். "காற்றூட்டல்" என்று மாற்றினால் மீன்தொட்டி நினைவுக்கு வருகிறது, அது வேண்டாம்.

அடுத்தது மாஸ்க். முகமூடி என்றால் திருடன்; முகக்கவசம் என்றால் 2020க்குப் பிறகு கொரோனா. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1980களில் கொண்டுவந்த கருவி, தொண்டைக்குள் போய்க் குரல்வளையின் வாயை மூடி உட்காரும். அதையும் "குரல்வளை முகமூடி" என்று எழுதுகிறோம். குரல்வளைக்கு ஏது முகம்? இரண்டுமே விளிம்பில் மெத்தென்ற, கவிழ்த்த கிண்ணங்கள்தான். முகக்கிண்ணம், குரல்வளைக் கிண்ணம் என்றால் உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது. செயலைச் சொல்லும்போது கருவியின் பெயரே தேவையில்லை என்பது என் எண்ணம். முகவழி மூச்சூட்டல், குழாய்வழி மூச்சூட்டல். போதும்.

இனி சிரமத்துக்கு வருவோம்; மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்துவது கடினமாகும் நிலைக்கு என்ன பெயர்? ஒருவர் "அரிய முகவழி மூச்சூட்டல்" என்று முன்மொழிந்திருந்தார். அரிது என்றால் கடினம் என்பது பழைய பொருள்தான், எனக்கும் பிடித்த சொல். ஆனால் இன்று "அரிய" என்று படிக்கும் மாணவர் எப்போதோ நடப்பது என்று எடுத்துக்கொள்வார். இந்த இடத்தில் அப்படி எடுத்துக்கொள்வது ஆபத்து. பாரிஸில் 1,502 பேரிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இந்தச் சிரமம் வந்தது. அந்த 75 பேரில் 13 பேருக்கு மட்டும்தான் மருத்துவர்கள் அதை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தார்கள். 55 வயதைத் தாண்டியவர்கள், உடல் பருத்தவர்கள், தாடி உள்ளவர்கள், பல் இல்லாதவர்கள், குறட்டை விடுபவர்கள் என்று அந்த ஆய்வு சொன்ன ஐந்து அடையாளங்களில் ஒன்றிரண்டாவது நம் வீட்டுப் பெரியவர் யாரிடமாவது இருக்கும். ஆகவே "கடின" என்றே இருக்கட்டும்.

இந்தச் சிரமத்தின் அளவைச் சொல்ல 2004இல் ஹான் என்ற மருத்துவரின் குழுவினர் தந்த நான்கு படிகளை நான் இப்படி எழுதிப் பார்த்தேன். முதல் படி, தடையில்லா மூச்சூட்டல். இரண்டாவது, துணைக்கருவியோடு; அதாவது நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்காமல் இருக்க ஏர்வே என்னும் வளைந்த சிறு குழாய் போன்றதைச் செருகிச் செய்வது. மூன்றாவது கடின மூச்சூட்டல்: காற்று போதாது, அல்லது நிலையாக நிற்காது, அல்லது இரண்டு பேர் வேண்டும். நான்காவது, இயலா மூச்சூட்டல்.

அந்த மூன்றாவதில் "போதாமை" என்பதைப் பாடநூலில் விரித்து எழுத வேண்டும். காற்று போகவில்லையே என்று பயந்து பையை ஓங்கி அமுக்குவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அழுத்தம் 20 செ.மீ. உயர நீரின் அழுத்தத்தைத் தாண்டினால் காற்று உணவுக்குழாயைத் திறந்துகொண்டு இரைப்பைக்குள் போகத் தொடங்கும். வயிறு உப்பி நுரையீரலை மேலே தள்ளும், மூச்சூட்டுவது இன்னும் கடினமாகும், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கவும் கூடும். குழந்தைக்கு ஊட்டும்போது திணித்தால் புரையேறுமே, கிட்டத்தட்ட அதேதான். முதலில் தாடையைத் தூக்கு, தலையைச் சரியாக வை, கசிவு எங்கே என்று பார், அப்புறம் பை. இதற்கு "திணிப்பு" என்றே ஒரு சொல்லை ஒதுக்கலாமா? மூச்சூட்டல் சரி, மூச்சுத் திணிப்பு தவறு என்று மாணவருக்குச் சொன்னால் கை தானாக இளகும்.

"இயலா" என்பதில்தான் எனக்கு இன்னும் தயக்கம். இயலாமை என்றால் மருத்துவரின் திறமைக் குறைவு என்று படிப்பவர் நினைக்கலாம். எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் அது நேரலாம் என்பதை அந்தச் சொல்லே காட்ட வேண்டும். "கைகூடா மூச்சூட்டல்" எப்படி இருக்கிறது? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புதிய படிவத்தின் அச்சுப்படி அடுத்த வாரம் போகிறது, மற்ற வரிகள் தயார்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து ஒரு மயக்கவியல் மருத்துவர்